தொகை வேறு, பயன் வேறு

சிசுக்களைக் காப்பதற்கென்று ஏற்பட்ட ஒரு திட்டத்தின் தகுதியை எதைக்கொண்டு மதிப்பிடுவது? இத்தனை ஆயிரம் குழந்தைகளைப் பரீக்ஷித்தோமென்று அதிகாரிகள் வெளியிடும் தொகையைக் கண்டு திருப்தியடைவது நம்மவர்க்கு வழக்கமாகிவிட்டது. அத்தொகை உண்மையாகவே இருக்கலாம். ஆயினும் தொகை வேறு, பயன் வேறு.

சில சிசுக்கள் பார்வைக்கு யாதொரு குறையுமின்றிப் பிறக்கின்றன. உடலினுள்ளே மட்டும் ஒரு கோளாறு மறைந்து கிடக்கின்றது. தைராய்டுச் சுரப்பி சரிவர வேலை செய்யாத குழந்தைக்குப் பிறந்த இரண்டு வாரங்களுக்குள் மாத்திரை கொடுக்கத் தொடங்கினால், அது பெரும்பாலும் மற்றக் குழந்தைகளைப் போலவே வளரும். மாதங்கள் கடந்த பின்னர் கொடுத்தாலோ, இழந்த அறிவு வளர்ச்சி முழுவதும் மீளாது. வேறு சில நோய்கள் பிறந்த சில தினங்களிலேயே உயிரைக் கொண்டுபோய்விடும். ஆகவே, இவ்விஷயத்தில் காலமே பிரதானம்.

அமெரிக்க வைத்தியர் ராபர்ட் கத்ரி, 1960-களின் தொடக்கத்தில், சிசுவின் குதிகாலில் குத்தியெடுத்த சில துளி இரத்தத்தை உறிஞ்சு காகிதத்தில் உலர்த்திப் பரீக்ஷிக்கும் எளிய முறையைக் கண்டார். பினைல்கீடோனூரியா என்னும் நோயைக் கண்டறிவதற்காக ஏற்பட்ட இப்பரீக்ஷையை 1963-ல் மாஸசூஸெட்ஸ் ராஜ்யம் சட்டத்தினால் கட்டாயமாக்கிற்று. மற்ற ராஜ்யங்களும் பின்தொடர்ந்தன.

ஐம்பது வருஷங்கள் சென்றன. 2013-ல் மில்வாக்கி நகரத்துப் பத்திரிகையாகிய ஜர்னல் சென்டினல், அந்நாட்டுப் பரீக்ஷைகளின் கணக்கை ஆராய்ந்து ஓர் உண்மையை வெளியிட்டது. முந்திய வருஷத்தில் மட்டும் குறைந்தது 1,60,000 இரத்த மாதிரிகள் காலந்தாழ்ந்தே பரிசோதனைச் சாலைகளை அடைந்தன. சில வைத்தியசாலைகள் அனுப்புஞ் செலவைக் குறைக்கக் கருதிக் காகிதங்களைச் சேர்த்துவைத்து மொத்தமாக அனுப்பின; சில பரிசோதனைச் சாலைகள் வார இறுதியில் மூடிக் கிடந்தன. ஏட்டைப் புரட்டினால் அக்குழந்தைகள் யாவரும் பரீக்ஷிக்கப்பட்டவர்களே! இதனினும் கொடிய பொய்க்கணக்கு உண்டோ?

பத்திரிகையின் குரல் வீண்போகவில்லை. 2014-ல் இயற்றப்பெற்ற சட்டம் காலதாமதத்தைக் கவனிக்குமாறு விதித்தது. உடனே கவனிக்கவேண்டிய நோய்களின் முடிவு, சிசு பிறந்த ஐந்து தினங்களுக்குள் தெரியவேண்டுமென்று 2015-ல் நிபுணர் குழு வரையறுத்தது. நிலைமை சீர்பட்டதெனினும், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்னும் இலக்கைப் பெரும்பாலான ராஜ்யங்கள் இன்னும் எட்டவில்லையென்று 2016-ல் அந்நாட்டுத் தணிக்கையாளரே எழுதினர். அளந்தமையாலன்றோ குறை தெரிந்தது!

நிற்க. இது நமக்கு அன்னியர் கதையன்று. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸில் சென்னை உள்ளிட்ட ஐந்து நகரங்களில் நடத்திய ஆராய்ச்சியில், ஏறக்குறைய 1,130 சிசுக்களில் ஒன்றுக்குப் பிறவியிலேயே தைராய்டுக் குறை காணப்பட்டது. 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தில் அடங்கிய நோய்களில் இதுவும் ஒன்று. ஆனால் நாட்டில் பிறக்கும் ஒவ்வொரு சிசுவுக்கும் இவ்விரத்தப் பரீக்ஷை இன்னும் கிட்டவில்லை. இனி விரிவடையப்போகும் திட்டத்திற்கு இப்பொழுதே அளவுகோல் வகுத்துக்கொள்வது விவேகம்.

நாம் கேட்கவேண்டியவை நான்கே. பிறந்தவரில் எத்தனை பேர் பரீக்ஷிக்கப்பட்டனர்? முடிவு எத்தனை நாளில் வந்தது? சந்தேகத்துக்குள்ளான குழந்தைகளில் எத்தனை பேரை மீண்டும் தேடிக்கண்டு நோயை உறுதிசெய்தனர்? அவர்களுள் எத்தனை பேர் இன்றும் மருந்துண்டு நலமாக வளர்கின்றனர்? முதற்கேள்விக்கு மட்டும் விடையளித்துவிட்டு மற்ற மூன்றிலும் மௌனஞ்சாதிக்கும் அறிக்கையை ஏற்றல் கூடாது.

தேசத் தொண்டர்களே! அறிக்கையில் அச்சாகும் பெருந்தொகையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். குதிகாலில் குத்திய தேதி எது, மருந்து தொடங்கிய தேதி எது என்று முதலில் கேளுங்கள். இவ்விரண்டு தேதிகளுக்கும் இடைப்பட்ட நாட்களே அத்திட்டத்தின் யோக்கியதை.