முதல் இசைத்தட்டுக் கருவி: எதைப் பார்த்து வாங்குவது?



தோட்டத்தில் வாழ்ந்த நம் குடும்பங்கள் பலவற்றில், பரண்மேலோ கட்டிலுக்கு அடியிலோ ஓர் அட்டைப்பெட்டி இருக்கும். அதில் தாத்தாவோ அப்பாவோ வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகள் இருக்கும். அவற்றைச் சுழற்றிய கருவி எப்போதோ பழுதாகிப் பழைய இரும்போடு போயிருக்கும். லயத்து வீட்டை விட்டுத் தாமான் வீட்டுக்குக் குடிபோனபோதும் அந்தப் பெட்டி மட்டும் லாரியில் ஏறி வந்துவிட்டது. இப்போது வேலைக்குப் போகும் பிள்ளை, "இதைப் போட்டுக் கேட்க ஒரு மிஷின் வாங்கலாமே" என்கிறான். ஆயர் ஈத்தாம் வட்டாரத்தில் ரப்பரிலும் செம்பனையிலும் உழைக்கிற ஒரு குடும்பம், கையிலுள்ள சிறு தொகையில் இதை எப்படிச் செய்வது? அதைப் பற்றித்தான் இன்று நாம் பேசப்போகிறோம்.

பாட்டுக் கேட்பது ஒன்றே நோக்கமானால், கருவி வாங்கவே வேண்டாம். பழைய பாடல்களில் பெரும்பாலானவை கைப்பேசியிலேயே கிடைக்கின்றன. மலேசியாவில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025ஆம் ஆண்டில் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. ஓரளவு நல்ல கருவியும் ஸ்பீக்கரும் வாங்கினால், அதில் பாதிக்கு மேல் போய்விடும். ஆனால் வீட்டிலுள்ள தட்டுகளையே கேட்க வேண்டும், அவை இன்னும் முப்பது ஆண்டுகள் கெடாமல் இருக்க வேண்டும் என்றால், செலவு செய்வதில் அர்த்தம் உண்டு. அப்படிச் செலவு செய்யும்போது ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். கருவி கெட்டால் வேறொன்று வாங்கலாம். தாத்தாவின் தட்டு தேய்ந்தால் அதே தட்டு திரும்பக் கிடைக்காது. ஆகவே, தட்டைத் தொடுகிற பாகத்துக்கே நம் பணம் முதலில் போக வேண்டும்.

கடைக்குப் போகுமுன் பெட்டியைத் திறந்து தட்டுகளைப் பார்த்துவிடுங்கள். தடித்துக் கனமாக, கீழே விழுந்தால் ஆயர் ஈத்தாம் சாலையோரக் கடைகளில் விற்கும் பூச்சாடி போல உடைந்து போகிற தட்டு, நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழல்வது. அது அரக்கால் ஆனது. ஒரு பக்கத்தில் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் பாட்டு இருக்கும். நீளமான பாட்டை இரு பக்கமாகப் பிரித்துப் பதிந்தார்கள். இலேசாக வளையக்கூடிய வினைல் தட்டுகள் பின்னால் வந்தவை. 1948இல் அமெரிக்காவில் கொலம்பியா நிறுவனம் 33 1/3 சுற்று நீண்ட தட்டையும், அடுத்த ஆண்டில் ஆர்.சி.ஏ. நிறுவனம் 45 சுற்றுச் சிறிய தட்டையும் வெளியிட்டன. நம் வீடுகளில் உள்ள எச்.எம்.வி., இன்ரெகோ, எக்கோ திரைப்படத் தட்டுகளில் பெரும்பாலானவை இந்த இரண்டு வகை. சிறிய தட்டெல்லாம் 45 என்று எண்ணிவிடக்கூடாது; சில 33இல் சுழல்பவை. நடுவில் ஒட்டியுள்ள காகிதத்தில் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்ப்பதே சரி.

இதை ஏன் முதலில் பார்க்கச் சொல்கிறோம் என்றால், இன்று விற்கிற மலிவான நல்ல கருவிகளில் பல 33, 45 ஆகிய இரண்டு வேகங்களில் மட்டுமே சுழலும். 78 தட்டு உங்களிடம் இருந்தால் மூன்று வேகக் கருவி வேண்டும். அதோடு தனி ஊசியும் வேண்டும். 78 தட்டின் பள்ளம் அகலமானது. வினைல் தட்டின் ஊசி முனையைவிட ஏறத்தாழ நான்கு மடங்கு பருத்த முனை அதற்குத் தேவை. சிறிய ஊசியை அதில் விட்டால் பள்ளத்தின் அடியிலுள்ள அழுக்கில் உரசிக்கொண்டு கரகரவென்று ஓடும். பருத்த ஊசியை வினைல் தட்டில் வைத்தாலோ தட்டே பாழாகும். பழைய கருவிகளில் ஊசியைப் புரட்டிப் போட ஒரு சிறு குமிழ் இருந்தது பெரியவர்களுக்கு ஞாபகம் இருக்கலாம். அது இதற்காகத்தான். சாவி கொடுத்து ஓட்டும் பழைய கிராமபோனில் வினைல் தட்டை ஒருபோதும் வைக்காதீர்கள். அதன் இரும்பு ஊசிக்கு ஒரே ஓட்டம் போதும், தட்டு போய்விடும்.

இனி ஊசியைப் பற்றிச் சற்று விரிவாகப் பார்ப்போம். ஒரு நீண்ட தட்டின் ஒரு பக்கத்தில் இருக்கும் பள்ளத்தை நீட்டினால் ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் வரும். நாம் பால்மர நிரை பிடித்து நடப்பது போல, ஊசி அந்தத் தூரம் முழுவதையும் நடக்கிறது. பள்ளத்தின் இரு சுவர்களிலும் உள்ள நெளிவுகள் ஊசியை அசைக்கின்றன. அந்த அசைவை மின்சாரமாக மாற்றுவது, கையின் நுனியில் உள்ள சிறு பெட்டி. அதைக் கார்ட்ரிட்ஜ் என்பார்கள்.

கார்ட்ரிட்ஜில் நாம் தெரிந்துகொள்ள வேண்டியவை இரண்டு வகை. மலிவானதற்குச் செராமிக் என்று பெயர். ஆம், நம் ஊருக்குப் பேர் வாங்கித் தந்த அதே பீங்கான் இனம்தான். அழுத்தினால் மின்சாரம் தருகிற ஒரு பீங்கான் துண்டு அதற்குள் இருக்கிறது. அது உரத்த ஒலி தரும், விலையும் குறைவு. ஆனால் தட்டின் மேல் பெரும்பாலும் ஐந்து கிராம் அளவுக்கு அழுத்தும்; ஊசியும் விரைப்பாக நிற்கும். மற்றொன்று காந்தம் அசைந்து மின்சாரம் உண்டாக்கும் வகை. இதில் ஊசிக்கு நெளிவு அதிகம். அழுத்தம் இரண்டு, மூன்று கிராம் போதும். அதே பாட்டை நூறு தடவை போடுகிற வீட்டில் இந்த வேறுபாடு தட்டில் தெரிந்துவிடும். காந்த வகையையே வாங்குங்கள் என்பது நம் தீர்மானமான கருத்து.

சூட்கேஸ் போன்ற பெட்டியில், ஸ்பீக்கரும் உள்ளேயே வைத்து, வண்ண வண்ணமாக விற்கிறார்களே, அவை எப்படி? பார்வைக்கு அழகு, விலையும் இழுக்கும். ஆனால் அவற்றில் பல செராமிக் வகை. கை மெல்லிய பிளாஸ்டிக். அழுத்தத்தைக் குறைக்கவோ கூட்டவோ வழியில்லை. ஸ்பீக்கரின் அதிர்வும் அதே பெட்டிக்குள் ஊசியை உலுக்குகிறது. பிள்ளைகள் விளையாட வாங்கலாம். தாத்தாவின் தட்டுக்கு வேண்டாம். ஊசி தாண்டுகிறது என்று கையின் மேல் ஒரு காசு வைக்கும் பழைய வழக்கத்தையும் விட்டுவிட வேண்டும். ஊசி தாண்டாமல் இருக்கும், பள்ளந்தான் உழப்படும்.

புதிதாக வாங்குவதானால் கடைக்காரரிடம் நான்கு கேள்வி கேளுங்கள். கார்ட்ரிட்ஜ் காந்த வகைதானா? ஊசியை மட்டும் தனியாக மாற்ற முடியுமா, அந்த மாற்றூசி இங்கே கிடைக்குமா? முன்பெருக்கி உள்ளேயே இருக்கிறதா? எத்தனை வேகம்? உதாரணத்துக்கு, ஆடியோ-டெக்னிக்கா நிறுவனத்தின் எல்.பி.60 எக்ஸ் என்னும் சிறிய கருவியில் காந்த வகைக் கார்ட்ரிட்ஜும் முன்பெருக்கியும் உண்டு, ஊசியையும் மாற்றலாம். பொத்தானை அழுத்தினால் கை தானாகவே போய்த் தட்டில் இறங்கும். கை நடுங்கும் பெரியவர்களுக்கு இது பெரிய உதவி. ஆனால் அதில் 78 இல்லை. அதே நிறுவனத்தின் எல்.பி.120 எக்ஸ் மூன்று வேகம் உடையது. அதன் கார்ட்ரிட்ஜில் 78க்கான ஊசியையும் மாற்றிப் பொருத்தலாம். விலை அதற்குத் தக்கபடி கூடுதல். பெயரைச் சொன்னது ஓர் அளவுகோலுக்காகவே. இந்தத் தன்மைகள் உள்ள எதுவும் சரிதான்.

பழையது வாங்கலாமா என்றால், வாங்கலாம். ஜப்பானிலிருந்து கப்பலில் வரும் பழைய சாமான்களை விற்கும் கடைகள் நம் நாட்டில் பல உண்டு. அங்கே நல்ல உலோகக் கை உள்ள கருவி குறைந்த விலைக்குக் கிடைப்பதுண்டு. ஆனால் இரண்டு பொறிகள் இருக்கின்றன. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் சுவர்ப் பிளக்கில் நேரே செருகினால் கருவி கருகிவிடும். அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் வேண்டும். அடுத்தது பலர் அறியாதது. ஜப்பானின் கிழக்குப் பகுதியில் மின்சாரம் விநாடிக்கு 50 சுழற்சி, மேற்கில் 60. நம்முடையது 50. சில பழைய மோட்டார்கள் இந்தச் சுழற்சியைப் பின்பற்றியே ஓடும். 60க்குச் செய்த அத்தகைய மோட்டார் இங்கே ஆறில் ஒரு பங்கு மெதுவாகச் சுற்றும். பாடகியின் குரல் ஆண்குரலாக இறங்கிவிடும். டிரான்ஸ்பார்மர் இதைச் சரிசெய்யாது.

இதைக் கடையிலேயே கண்டுபிடிக்க ஒரு சுலப வழி உண்டு. தட்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத் துண்டை ஒட்டி, 33 வேகத்தில் சுழலவிட்டு, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே எண்ணுங்கள். மூன்று நிமிடத்தில் சரியாக 100 சுற்று வர வேண்டும். 83 அளவில் நின்றால் அது 60க்கான மோட்டார் என்று எண்ணலாம். ஒன்றிரண்டு குறைந்தால் பெல்ட் தளர்ந்திருக்கலாம். ரப்பர் பெல்ட் மாற்றுவது சிறிய செலவுதான். பிறகு கையை மெதுவாகத் தொட்டுப் பாருங்கள். தடையில்லாமல் மிதக்க வேண்டும், கடகடவென்று ஆடக்கூடாது. ஊசி எவ்வளவு ஓடியதென்று விற்பவருக்கே தெரியாது. ஆகவே புது ஊசியின் விலையையும் சேர்த்தே கணக்குப் பாருங்கள். எளிய வைர ஊசி சுமார் 500 மணி நேரம் உழைக்கும். நாளுக்கு ஒரு மணி நேரம் கேட்டால் ஒன்றரை ஆண்டுக்குள் மாற்ற வேண்டி வரும்.

ஒலியைப் பெருக்கும் பகுதிக்கு வருவோம். காந்தக் கார்ட்ரிட்ஜ் தரும் மின்சாரம் மிகச் சிறியது. தட்டில் பதியும்போது கீழ்க்குரலைக் குறைத்தும் மேல்குரலைக் கூட்டியும் பதிகிறார்கள். அதைத் திரும்பச் சமன் செய்வது முன்பெருக்கியின் வேலை. இது இல்லாமல் கராவோக்கே பெட்டியின் 'ஆக்ஸ்' துளையில் செருகினால், கொசு பாடுவது போலக் கேட்கும். முன்பெருக்கி உள்ள கருவியை ஆம்ப்ளிபையரின் 'போனோ' துளையில் செருகினால், நேர்மாறாக, ஒலி கிழியும். கருவியின் பின்புறம் உள்ள சிறு சுவிட்சை ஒருமுறை பார்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

வீட்டில் பழைய ஹைபை செட்டோ கராவோக்கே பெட்டியோ ஓடுகிற நிலையில் இருந்தால், அதையே பயன்படுத்துங்கள். பணம் முழுவதும் கருவிக்குப் போகட்டும். ஒன்றும் இல்லையென்றால், உள்ளேயே ஆம்ப்ளிபையர் அமைந்த இரண்டு சிறிய ஸ்பீக்கர் பெட்டிகள் போதும். அட்டைப்பெட்டியில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள். அது விற்பனைக்காக எழுதும் எண். ஆர்.எம்.எஸ். என்று குறிப்பிட்ட எண்ணே கணக்கு. ஒரு சின்ன முன்னறைக்கு இருபது முப்பது வாட் தாராளம். நம் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் புனல் ஒலிபெருக்கி கட்டிக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது குறைவாகத் தோன்றலாம். அந்தத் திருவிழாக்களில் கனத்த கைகளின் கீழ் ஓடிய தட்டுகளில் பள்ளம் ஏற்கெனவே தேய்ந்திருக்கும்; எந்த விலையுயர்ந்த ஸ்பீக்கரும் அதை மீட்டுத் தராது.

கைத்தொகையைப் பத்துப் பங்காக வைத்தால், ஆறு பங்கு கருவிக்கு, மூன்று ஸ்பீக்கருக்கு, மீதி ஒன்று தூரிகைக்கும் புதிய உள்ளுறைகளுக்கும் என்பது நம் கணக்கு. தவணைக்கு வாங்குவதைவிட, ஆறு மாதம் சீட்டுப் பிடித்து ரொக்கமாக வாங்குவது நல்லது.

வீட்டில் வைக்கும் இடம் கெட்டியாகவும் மட்டமாகவும் இருக்க வேண்டும். பலகைத் தரையுள்ள வீட்டில், சுவரில் அடித்த பலகைமேல் வைத்தால் பிள்ளைகள் ஓடினாலும் ஊசி தாண்டாது. ஸ்பீக்கரைக் கருவியுள்ள மேசையில் வைக்கக்கூடாது; வைத்தால் ஊளையிடும். எப்போதும் உறுமல் கேட்டால், தரை இணைப்புக் கம்பியைப் பொருத்திவிட்டோமா என்று பாருங்கள். நம் வட்டாரத்தில் பிற்பகல் இடி சாதாரணம். வானம் கறுத்தவுடன் பிளக்கைப் பிடுங்கிவிடுவது கட்டாயம். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது.

பெட்டியில் இத்தனை காலம் கிடந்த தட்டுகளில் ஜொகூர் ஈரத்தால் பூஞ்சணம் பிடித்திருக்கும். வடிநீரில் ஒரு துளி பாத்திரச் சோப்புத் திரவம் கலந்து, மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடையுங்கள். நடுக் காகிதம் நனையாமல் பார்த்துக்கொண்டு, பிறகு வெறும் வடிநீரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். 78 அரக்குத் தட்டில் ஸ்பிரிட் பட்டால் அது கரைந்துவிடும். தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், புத்தகம் போல நிறுத்தி வையுங்கள். வெயில் படும் சன்னலும் சிமெண்டுத் தரையும் ஆகாது.

எல்லாம் கூட்டி முடித்த முதல் நாளில், உங்களுக்கு மிகவும் பிடித்த தட்டை எடுத்துவிடாதீர்கள். கீறல் விழுந்த, போனாலும் பரவாயில்லை என்று தோன்றுகிற ஒன்றைப் போட்டு, வேகம் சரியா, இரண்டு ஸ்பீக்கரிலும் ஒலி வருகிறதா, கடைசிச் சுற்றுவரை ஊசி தாண்டாமல் போகிறதா என்று பாருங்கள். அது ஒழுங்காக ஓடி முடிந்த பிறகு, பாட்டியைக் கூப்பிட்டு, எந்தத் தட்டை எடுக்கலாம் என்று கேளுங்கள்.