தைராய்டு: மாத்திரையும் அதைச் சுற்றியுள்ளவையும்

கழுத்தின் முன்புறம், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, பட்டாம்பூச்சி வடிவில் இருக்கிறது தைராய்டு சுரப்பி. எடை சுமார் 20 கிராம். அது குறைவாகச் சுரந்தால் உடல் எடை கூடும், முடி கொட்டும், மலம் கட்டும், மாதவிடாய் தவறும், கொழுப்பு ஏறும், மனம் சோர்ந்துபோகும். முடிக்கு ஒரு மருத்துவர், சோர்வுக்கு ஒரு டானிக் என்று தனித்தனியாக அலைகிறவர்கள் பலர். உடம்பை முழுதாகப் பார்க்கும் மருத்துவம் இந்த நோய்க்கு அவசியம்.

தைராய்டை ஏவுவது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி. ஏவலாக அது அனுப்பும் ஹார்மோன் டிஎஸ்ஹெச். ஏவியதும் தைராய்டு ரத்தத்திலுள்ள அயோடினை இழுத்து டி4, டி3 ஹார்மோன்களைச் செய்கிறது. அவை குறைந்தால் பிட்யூட்டரி இன்னும் அதிகமாக ஏவும். தைராய்டு குறைந்தவரின் ரிப்போர்ட்டில் டிஎஸ்ஹெச் கூடியிருப்பது இதனால்தான்.

இமயமலை அடிவாரத்துக் காங்ரா பள்ளத்தாக்கின் மண்ணில் அயோடின் குறைவு. அதனால் தைராய்டு வீங்கிக் கழுத்துக் கழலை வருவது அங்கே ஒருகாலத்தில் சர்வசாதாரணமாக இருந்தது. 1956-ல் டாக்டர் வி. ராமலிங்கசுவாமி குழுவினர் அங்குள்ள மக்களுக்கு அயோடின் கலந்த உப்பைக் கொடுத்து ஆராயத் தொடங்கினர். சில ஆண்டுகளில் கழலை வெகுவாகக் குறைந்தது. 1962-ல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் பிறந்தது. மண்ணையும் சாப்பாட்டையும் சேர்த்துப் பார்த்த மருத்துவத்துக்கு இதைவிடச் சிறந்த சான்றை நான் அறியேன்.

அயோடின் போதுமான இடங்களில் தைராய்டு குறைவுக்கு முக்கியக் காரணம் ஹாஷிமோட்டோ நோய். உடம்பின் எதிர்ப்புச் சக்தியே சுரப்பியைச் சிதைக்கிறது. அப்படிச் சிதைந்ததை யோகாவோ மூலிகையோ மீட்கும் என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் இல்லை. தைராக்ஸின் மாத்திரைதான் வழி. நடை, தூக்கம், மன ஆறுதல் எல்லாம் அதோடு சேர வேண்டியவை. அதற்குப் பதிலாக வருபவை அல்ல.

மாத்திரையைச் சாப்பிடும் முறையிலும் கவனம் தேவை. காலையில் வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி குடியுங்கள். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி விடுங்கள். அளவை மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்து ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தைராய்டுக்கு ஆகாது என்று முட்டைக்கோஸை ஒதுக்க வேண்டாம், வேகவைத்து அளவாகச் சாப்பிடலாம்.

மாத்திரை சாப்பிடும் பெண்கள் கருவுற்றால் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். முதல் மாதங்களில் குழந்தையின் மூளை வளர்வது தாயின் தைராய்டு ஹார்மோனை நம்பித்தான். அப்போது பெரும்பாலும் மாத்திரையின் அளவைக் கூட்ட வேண்டியிருக்கும். யார் சொன்னாலும் நிறுத்திவிடாதீர்கள்.