ஒரு நாள் டூரும் ஒரு துண்டு நோட்டீஸும்

திருச்சி ரோட்டில் டீக்கடை ஒன்றின் சுவரில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துத்தான் நாங்கள் பணம் கட்டினோம். ஏசி வேன், புஷ்பேக் சீட், இரண்டு வேளை சாப்பாடு, கூடவே கைடு. அதிகாலை 4.30க்குச் சூலூரில் ஏறினால் 9 மணிக்குப் பிள்ளையார்பட்டி, அப்புறம் காரைக்குடி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான், இரவு 10 மணிக்கு வீடு. தலைக்கு 1,600 ரூபாய். வாட்ஸ்அப்பிலும் அதே நோட்டீஸ் வந்தது.

வேன் வந்தபோது மணி 5.45. ஏசி இல்லை. பிள்ளையார்பட்டி போய்ச் சேர 11.30 ஆயிற்று. கைடு என்று யாரும் வரவில்லை. டூர் கூட்டிப்போனவரே கைடு. காரைக்குடியில் ஒரு சேலைக் கடையில் இரண்டு மணி நேரம் போனது. ஆத்தங்குடியில் கண்ணாடித் தட்டின்மேல் வண்ண சிமென்ட் கலவையைக் கரண்டியால் ஊற்றி ஒருவர் பூப்போட்டுக்கொண்டிருந்தார். சூளையே இல்லாமல், தண்ணீரில் ஊறியும் வெயிலில் காய்ந்தும் அந்தத் தரைக்கல் எப்படி உருவாகிறது என்று அவர் சொல்லத் தொடங்கியபோது வேன் ஹாரன் அடித்தது. அங்கே எங்களுக்குக் கிடைத்தது பத்தே நிமிடம்.

இருட்டிய பிறகு எதிர்வீட்டு அக்கா கேட்டார்: “ஏனுங்கண்ணா, கானாடுகாத்தான் எப்பங்க?”

“அதா பாருங்க்கா, வலதுகைப் பக்கம். அதானுங்க கானாடுகாத்தான்.”

வேன் நிற்கவில்லை. வீடு வந்து சேர்ந்தபோது மறுநாள் பிறந்து ஒன்றரை மணி நேரம் ஆகியிருந்தது. “போனது போச்சு, விடுங்க” என்றார்கள் பாதிப் பேர். விட வேண்டியதில்லை என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

நோட்டீஸ்தான் ஒப்பந்தம்

சந்தையில் வாங்கிய தேங்காய் அழுகியிருந்தால் திருப்பிக் கொடுக்கிறோம். டூர் என்றால் மட்டும் நல்லதோ கெட்டதோ போய்வந்தாயிற்று என்று விட்டுவிடுகிறோம். ஆனால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளையும் சேவையையும் ஒரே தட்டில்தான் வைக்கிறது. காசு வாங்கிக்கொண்டு நடத்தும் டூர் ஒரு சேவை. சொன்ன தரத்தில் அது இல்லாவிட்டால் சேவைக் குறைபாடு. இல்லாத ஏசியை இருப்பதாக அச்சடித்தால் தவறான விளம்பரம். பணம் வாங்கிவிட்டு பில் தராமல் இருப்பதையும் முறையற்ற வணிக நடைமுறைகளின் பட்டியலில் சட்டம் சேர்த்திருக்கிறது.

ஆகவே அந்தத் துண்டு நோட்டீஸ் வெறும் விளம்பரம் அல்ல. எதற்காக நாம் பணம் கொடுத்தோம் என்பதற்கு எழுத்தில் இருக்கும் சாட்சி அது. முறுக்குப் பொட்டலம் மடிக்க எடுத்துவிடாதீர்கள். வாட்ஸ்அப் உரையாடலையும் குரல் செய்தியையும் அழிக்காதீர்கள். முன்பணத்தைக் கையில் கொடுப்பதைவிட ஜிபே போன்ற வழியில் அனுப்புங்கள். தேதியும் தொகையும் தாமே பதிவாகிவிடும்.

பணம் கட்டியவர் மட்டும்தான் நுகர்வோர் என்றில்லை. மகன் பணம் கட்டி அம்மாவை அனுப்பியிருந்தால் அந்த அம்மாவும் நுகர்வோர்தான். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். தெருவில் ஒரு அக்கா லாபம் எதுவும் பார்க்காமல் பணம் வசூலித்து வேன் பிடித்தார் என்றால், சேவை தந்தவர் வேன்காரர். அக்கா நம்மில் ஒருவர். அவர்மேல் பாய்வது நியாயமும் ஆகாது, வழக்கிலும் நிற்பது கடினம்.

கிளம்பும் முன் ஒரு கணக்கு

சூலூரிலிருந்து பல்லடம், தாராபுரம், ஒட்டன்சத்திரம், திண்டுக்கல் வழியாகக் காரைக்குடி ஏறக்குறைய 250 கிலோமீட்டர். டீக்கு நிறுத்தாமல் போனாலே ஐந்து மணி நேரம். போகவர பத்து, நிறுத்தங்களோடு பதினொன்று. 4.30க்குக் கிளம்பி 10 மணிக்குத் திரும்புவது என்றால் நான்கு ஊர்களுக்கும், கோயிலுக்கும், சாப்பாட்டுக்கும் சேர்த்து மிஞ்சுவது ஆறரை மணி நேரம். நோட்டீஸில் இருந்த பட்டியல் கிளம்பும் முன்பே பொய்யாகிவிட்டது. கணக்குப் போடாதது எங்கள் தவறு. ஊர்களின் எண்ணிக்கையைப் பார்த்து டூர் எடுக்காதீர்கள். ஒவ்வொரு ஊரிலும் எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். கானாடுகாத்தானின் பெரிய வீடுகளில் பல இன்னும் குடும்பங்களின் சொத்து. எல்லா முகப்பும் திறந்திருக்காது. எந்த வீட்டுக்குள் போகலாம், நுழைவுக் கட்டணம் யார் கட்டுவது என்பதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

அதே கணக்கில் ஓட்டுநரையும் சேர்க்க வேண்டும். நாளுக்கு 8 மணி நேர வேலை என்பது சட்டத்தின் பொது விதி. பதினொரு மணி நேரம் ஸ்டியரிங் பிடித்தவர் நள்ளிரவில் தாராபுரம் ரோட்டில் ஓட்டுகிறார் என்றால், அந்தத் தூக்கக் கலக்கத்தின் விலையைக் கொடுப்பது பின்னால் உட்கார்ந்திருக்கும் நாம்தான். “மாத்து டிரைவர் உண்டுங்களா?” என்ற கேள்வி சாப்பாட்டு மெனுவைவிட முக்கியம்.

போர்டின் நிறம்

வாடகைக்கு ஆள் ஏற்றும் வண்டிக்கு மஞ்சள் நிற நம்பர் பிளேட்டில் கறுப்பு எழுத்து இருக்க வேண்டும். வெள்ளை போர்டு சொந்த உபயோக வண்டி. “நம்ம சொந்தக்காரர் வண்டிதானுங்க, வாடகை கொறைச்சல்” என்று வெள்ளை போர்டில் ஏறினால், பெர்மிட் மீறலுக்கு 10,000 ரூபாய் வரை அபராதம் வண்டிக்காரருக்கு. நமக்கு வரும் ஆபத்து அதைவிடப் பெரியது: விபத்து நடந்தால் இழப்பீடு தர மறுக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு அது ஒரு காரணமாகிவிடும். வண்டி எண்ணை எம்-பரிவாகன் செயலியில் போட்டால் தகுதிச் சான்று, இன்சூரன்ஸ் ஆகியவற்றின் கெடு தெரியும். இரண்டு நிமிட வேலை.

விபத்து என்பது வெறும் பயமுறுத்தல் அல்ல. 2023 செப்டம்பர் 30 அன்று தென்காசி மாவட்டம் கடையத்திலிருந்து ஊட்டிக்குச் சுற்றுலா வந்தவர்களின் பேருந்து, திரும்பும் வழியில் குன்னூர் அருகே மரப்பாலத்தில் பள்ளத்தில் கவிழ்ந்து 9 பேர் இறந்தார்கள். அதற்கு ஒரு மாதம் முன்புதான், ஆகஸ்ட் 26 அன்று, லக்னோவிலிருந்து வந்த சுற்றுலா ரயில் பெட்டி மதுரையில் தீப்பிடித்து 9 பேர் மாண்டார்கள். உள்ளே விதியை மீறிக் கொண்டுவந்த சமையல் எரிவாயு சிலிண்டர் இருந்தது. வழியில் சமைத்துச் சாப்பிடும் டூர் நம் பக்கமும் உண்டு. கட்டுச்சோறு எடுத்துப் போகலாம். ஆள் உட்காரும் வண்டிக்குள் சிலிண்டர் கூடவே கூடாது.

மலைக்குப் போவதானால்

நம் ஊரிலிருந்து ஒரு நாள் டூர் என்றால் பாதி ஊட்டிக்குத்தான். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்தது. சீசனில் நாளுக்கு இத்தனை வண்டிகள்தான் என்ற உச்சவரம்பும் வைத்தார்கள். வண்டியைத் தருபவர்தான் பாஸ் எடுக்க வேண்டும். பாஸ் இல்லாமல் சோதனைச் சாவடியில் திருப்பி அனுப்பப்பட்டால் அது அவர் குறை. மண் சரிந்து மலைப்பாதை மூடினால் அவர் குறை இல்லை. ஆனாலும் செலவாகாத தொகையைத் திருப்பிக் கேட்கலாம். “மலை ரயில் டிக்கெட் உறுதி” என்று சொன்னால் உறுதியான டிக்கெட்டைக் கண்ணில் பார்த்த பிறகு அதற்கான பணத்தைக் கொடுங்கள். அனுமதியில்லாமல் ரயில் டிக்கெட்டை வாங்கி விற்கும் தொழில் ரயில்வே சட்டப்படி குற்றம்.

கைடு காட்டும் கடை

காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்தப் பேரைச் சொல்லித்தான் எங்களைக் கடைக்குள் இறக்கினார்கள். எதிர்வீட்டு அக்கா முப்பது வருடமாக விசைத்தறிச் சத்தத்தில் வாழ்கிறவர். சேலையின் கரையை இரு விரலால் தடவி, பின்பக்கம் திருப்பி, வெளிச்சத்தில் பிடித்தார். “இது நம்ம சோமனூருச் சேலையாட்ட இருக்குதுங்களே” என்றார் மெல்ல. விற்றவர் வேறு பீரோவைத் திறந்தார்.

எல்லாருக்கும் அந்த விரல் இருக்காது. கைத்தறி முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பில்லில் ‘கைத்தறி’ என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தயங்கினால் அதுவே பதில். டூர் நடத்துபவருக்குக் கடையில் கமிஷன் இருக்கலாம். அதற்காக நம்முடைய நேரத்தை விற்க அவருக்கு உரிமை இல்லை.

கைடை நம்பி டூர் போவது நம் ஊருக்கு மட்டுமான சங்கதி அல்ல. பழமை மாறாத சிற்றூர்களை 2001 முதல் ‘மாய ஊர்கள்’ என்று பெயரிட்டு அறிவித்துவரும் மெக்சிகோவில் ஒரு நாள் டூர் பெரிய தொழில். அங்கே கைடு அரசு அடையாள அட்டை வைத்திருக்க வேண்டும். இங்கும் அரசு அங்கீகாரம் பெற்ற வழிகாட்டிகளுக்கு அட்டை உண்டு. ‘கைடு உண்டு’ என்று நோட்டீஸ் சொன்னால் அட்டையைக் காட்டச் சொல்வதில் வெட்கம் எதற்கு?

குறை நேர்ந்தால்

சண்டை போட்டுப் பயனில்லை. அந்த இடத்திலேயே படம் எடுங்கள்: வண்டி எண், கிளம்பிய நேரம், ஓடாத ஏசி, சாப்பாடு. அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் குறையை எழுதி அனுப்புங்கள். “அப்பவே சொல்லியிருக்கலாமே” என்ற பதிலுக்கு அது முன்கூட்டியே போட்ட பூட்டு.

திரும்பி வந்ததும் செய்ய வேண்டியவை:

1. என்ன சொன்னார்கள், என்ன நடந்தது, எவ்வளவு திருப்பித் தர வேண்டும் என்று ஒரு பக்கக் கடிதம். 15 நாள் கெடு வைத்து ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி, போய்ச் சேர்ந்ததற்கான ஒப்புகையை வைத்துக்கொள்ளுங்கள்.

2. பதில் இல்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். இது தீர்ப்பு சொல்லும் இடம் அல்ல. பேசித் தீர்க்க வைக்கும் இடம். சின்னத் தொகைகள் பல இங்கேயே முடிந்துவிடும்.

3. அதற்கும் மசியவில்லையென்றால் கோவை மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். டூர் கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் செய்யலாம். குறை நடந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் செய்ய வேண்டும். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். ஒரே குறை பலருக்கு என்றால் ஆணையத்தின் அனுமதியோடு சேர்ந்தே புகார் செய்யலாம்.

வக்கீல் வேண்டும், வசதியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணை அழைக்கலாம். பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு.

“எக்காரணம் கொண்டும் பணம் திரும்பத் தரப்படாது” என்ற வரியைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். நாம் வராமல் போனால் அது செல்லலாம். அவர் சொன்னதைச் செய்யாதபோது அந்த வரி அவரைக் காப்பாற்றாது. “வேன்காரன் பண்ணுன தப்புங்க” என்பதும் சாக்குத்தான். நம்மிடம் பணம் வாங்கியவர் பொறுப்பு; தேவைப்பட்டால் இருவரையும் எதிர்த்தரப்பாகச் சேர்க்கலாம்.

விபத்து நேர்ந்தால்

முதல் அழைப்பு 108. தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் சாலை விபத்துக்கு, 2021 டிசம்பரில் தொடங்கிய ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். எந்த மாநிலத்தவர் என்று பார்ப்பதில்லை. இழப்பீட்டு வழக்கு நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாது. மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்துக்குப் போகும். 2019 திருத்தம் அதற்கு 6 மாதக் கெடு வைத்திருக்கிறது. முதல் தகவல் அறிக்கை நகல், மருத்துவச் சீட்டுகள், டூருக்குக் கட்டிய பில் மூன்றையும் ஒரே கவரில் போட்டு வையுங்கள்.

எங்கள் கதைக்கு வருகிறேன். பதினான்கு பேர் கையெழுத்திட்டுக் கடிதம் அனுப்பினோம், பதில் இல்லை. 1915இல் பதிந்த பிறகு போன் வந்தது. தலைக்கு 600 ரூபாய் திரும்பியது. ஆணையம் வரை போயிருந்தால் இன்னும் கிடைத்திருக்குமோ என்னவோ, அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.

மூன்று மாதம் கழித்து வேறொரு பையன் தெருவுக்குள் நோட்டீஸோடு வந்தான். ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, பைக்காரா, முதுமலை. ஐந்தும் ஒரே நாளில். எதிர்வீட்டு அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தார்.

“செரிங்க தம்பி, எல்லா ஊருக்கும் வாரோம். ஒவ்வொண்ணுக்கும் நேரா எத்தன மணி நேரம்னு எழுதி, கீழ ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுத்துருங்க சாமி.”

பையன் சிரித்தான். பேனாவை வாங்கிக் கொஞ்ச நேரம் யோசித்தான். அப்புறம் பைக்காராவையும் முதுமலையையும் அவனே அடித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டான்.