வண்டி போயிற்று, பெயர் போகவில்லை!

பழைய மோட்டார் கார் ஒன்றை வாங்க வேண்டுமானால் நாம் பத்துப் பேரிடம் யோசனை கேட்கிறோம். தெரிந்த மெக்கானிக்கைக் கையோடு அழைத்துக்கொண்டு போகிறோம். முன்மூடியைத் திறந்து பார்க்கிறோம். சக்கரத்தை உதைத்துப் பார்க்கிறோம். வெள்ளத்தில் மூழ்கிய வண்டியோ, விபத்தில் அடிபட்ட வண்டியோ என்று ஆயிரம் சந்தேகம் கொள்கிறோம். ஆனால் நம்முடைய காரை விற்க வேண்டுமானால் யாரையும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. "விற்கிறவனை யார் ஏமாற்ற முடியும்? பணத்தைக் கொண்டுவருகிறவன் அவன், வாங்கிப் பெட்டியில் வைக்கிறவன் நான்" என்பது நம்முடைய எண்ணம்.

இந்த எண்ணம் எவ்வளவு தவறானது என்பதை என் நண்பர் ஒருவர் இரண்டு தவணைகளில் கற்றுக்கொண்டார். முதல் தவணையில் தப்பித்தார். இரண்டாவது தவணையில் அகப்பட்டுக்கொண்டார். நேயர்களின் வீட்டு வாசலிலும் ஒரு பழைய கார் நின்றுகொண்டிருக்கலாம் அல்லவா? ஆகையால் அவருடைய அநுபவத்தை, அவருடைய சம்மதத்தின் பேரில், இங்கே சொல்லத் துணிந்தேன்.

நண்பர் சென்னையில் மயிலாப்பூர்வாசி. ஓய்வு பெற்ற உபாத்தியாயர். 11 வருஷ காலம் அந்தக் கார் அவருடைய குடும்பத்துக்கு உழைத்தது. பிள்ளைகள் வெளியூர்களுக்குப் போய்விட்ட பிறகு, நடந்தே போகக்கூடிய கோயிலுக்கு அதை ஓட்டிக்கொண்டு போவதில் அர்த்தமில்லை என்று அவருக்குத் தோன்றியது. தரகருக்குப் பணம் அழுவானேன் என்று இணையதளத்தில் தாமே ஒரு விளம்பரம் கொடுத்தார்.

பட்டாளத்து வேஷம்

விளம்பரம் வெளியான கால் மணி நேரத்துக்குள் கைபேசி மணி அடித்தது. பேசியவர் தம்மைப் பட்டாளத்துக்காரர் என்று அறிமுகம் செய்துகொண்டார். "ஸார், எனக்கு வேறு ஊருக்கு மாற்றல் ஆகிவிட்டது. நேரில் வர அவகாசம் இல்லை. வண்டியைப் படத்தில் பார்த்தேன், ரொம்பத் திருப்தி. நீங்கள் கேட்ட விலையே எனக்குச் சம்மதம். நாளைக்கு என் தம்பி வந்து வண்டியை எடுத்துக்கொள்வான்" என்றார். சற்று நேரத்தில் ராணுவ உடுப்பு அணிந்த ஒரு வாலிபரின் படமும், அடையாளச் சீட்டின் படமும் வந்து சேர்ந்தன.

நண்பருக்கு மனம் உருகிவிட்டது. எல்லையில் காவல் நிற்கிறவர்களிடம் பேரம் பேசுவதே பாவம் என்று நினைக்கிறவர் அவர். "வேண்டுமானால் ஐயாயிரம் ரூபாய் குறைத்துக்கொள்ளட்டுமா?" என்று தாமாகவே கேட்டுவிட்டார்!

அடுத்தபடியாக ஒரு கியூஆர் கோடு வந்தது. "இதை ஸ்கேன் செய்து உங்கள் ரகசிய எண்ணைப் போடுங்கள். முன்பணம் 20,000 ரூபாய் உடனே உங்கள் கணக்கில் விழுந்துவிடும்" என்றது குரல்.

நண்பர் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருக்கையில், அவருடைய மனைவி சமையலறையிலிருந்து வெளியே வந்தார்.

"யார் யாருக்குப் பணம் கொடுக்கிறார்கள்?" என்று கேட்டார்.

"அவர் நமக்குக் கொடுக்கிறார்."

"அப்படியானால் ரகசிய எண்ணை நாம் எதற்காகப் போட வேண்டும்? கறிகாய்க்காரிக்குப் பணம் கொடுக்கும்போது நான்தானே எண்ணைப் போடுகிறேன்? அவள் ஒரு நாளாவது போட்டதுண்டா?"

நண்பர் கைபேசியைக் கீழே வைத்தார். அந்த அம்மையாரின் கேள்வியில் விஷயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. 2016-ம் வருஷத்தில் யூபிஐ முறை வந்தது முதல் இன்று வரை, ரகசிய எண் என்பது பணத்தை வெளியே அனுப்புவதற்கு நாம் கொடுக்கும் கையெழுத்து. பணம் உள்ளே வருவதற்கு அது தேவையே இல்லை. ஸ்கேன் செய்வதும் அப்படியே; அது கொடுக்கிறவருடைய வேலை. "பணம் பெற எண்ணைப் போடுங்கள்" என்று சொல்லுகிறவன் எந்த உடுப்பில் இருந்தாலும் திருடனே. ராணுவ உடுப்பில் நமக்கு இருக்கும் மரியாதையே இவனுக்கு மூலதனம். உண்மையான வீரர்களுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறென்ன இருக்க முடியும்?

மாறுவேஷங்கள்

இதே நாடகத்துக்கு வேறு பல வேஷங்களும் உண்டு. ஒருவன், "பணம் அனுப்பிவிட்டேன்" என்று சொல்லி, அனுப்பியதற்கு அத்தாட்சியாக ஒரு படத்தைக் காட்டுவான். அந்தப் படத்தைப் பொய்யாகத் தயாரிப்பது வெகு சுலபம். வங்கியிலிருந்து வந்ததுபோல் தோன்றும் குறுஞ்செய்தியையும் அவனே அனுப்பிவிடலாம். இன்னொருவன், "தவறுதலாக 50,000 ரூபாய் அதிகமாக அனுப்பிவிட்டேன். அதை மட்டும் தயவு செய்து திருப்பி அனுப்புங்கள்" என்று கெஞ்சுவான். அவன் அனுப்பியதாகச் சொல்லும் பணம் வந்தே இராது. நாம் அனுப்புவது மட்டும் உண்மைப் பணமாக இருக்கும். மூன்றாமவன் வெள்ளிக்கிழமை மாலையில் வந்து, "வங்கி மூடிவிட்டது, திங்கட்கிழமை பணம் வந்துவிடும். வண்டியை இப்போதே கொடுங்கள்" என்பான். இந்தச் சாக்கு இப்போது செல்லாது. நெஃப்ட் முறை 2019 டிசம்பர் முதலும், ஆர்.டி.ஜி.எஸ். முறை 2020 டிசம்பர் முதலும் இரவு பகல், விடுமுறை என்ற பேதமில்லாமல் நடந்துவருகின்றன.

ஆகவே நம்ப வேண்டிய சாட்சி ஒன்றே ஒன்றுதான்: நாமே நம்முடைய வங்கிக் கணக்கைத் திறந்து இருப்புத் தொகையைப் பார்ப்பது. காசோலையானால் பணம் வசூலாகும் வரையில் காத்திருக்க வேண்டும். வங்கி டிராஃப்டானால், அதை வழங்கிய வங்கிக் கிளையில் கேட்டு ஊர்ஜிதம் செய்துகொள்ள வேண்டும். ரொக்கமாகவே வாங்கிவிடலாம் என்றால், 2 லட்ச ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது.

வண்டியை ஓட்டிப் பார்க்க வருகிறவர்களிடமும் ஜாக்கிரதை வேண்டும். அவருடைய ஓட்டுநர் உரிமத்தை முதலில் வாங்கிப் பாருங்கள். வண்டியில் நீங்களும் ஏறிக்கொள்ளுங்கள். சாவியைத் தனியே கொடுத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்து காத்திருந்தால், வெகு நேரம் காத்திருக்கும்படி ஆகலாம். ஆர்.சி. புத்தகத்தையும் ஆதாரையும் படம் எடுத்து முன்பின் தெரியாதவர்களுக்கு அனுப்புவதும் கூடாது. அவற்றைக் காட்டி, "நானே சொந்தக்காரன்" என்று உங்கள் காரையே வேறொருவருக்கு விலை பேசிவிடுவார்கள்.

இரண்டாவது தவணை

முதல் தவணையில் தப்பித்த நண்பர், "இனி நம்மை யாராலும் ஏமாற்ற முடியாது" என்று பெருமிதம் கொண்டார். அடுத்த வாரம் ஒரு கார் தரகர் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர், காபி சாப்பிட்டார், கௌரவமாகப் பேரம் பேசினார், நண்பரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே வண்டியை ஓட்டிப் பார்த்தார். முழுத் தொகையும் வங்கிக் கணக்கில் வந்து சேர்ந்தது. நண்பர் இரண்டு முறை பார்த்துத் திருப்தி அடைந்தார்.

புறப்படும் சமயத்தில் தரகர் இரண்டு காகிதங்களை எடுத்து நீட்டினார். "பெயர் மாற்றுகிற வேலையை நாங்களே பார்த்துக்கொள்கிறோம், ஸார். நீங்கள் போக்குவரத்து அலுவலகத்துக்கு அலைய வேண்டாம். இவற்றில் ஒரு கையெழுத்துப் போட்டால் போதும்" என்றார்.

அவை 29-ம் எண் படிவமும் 30-ம் எண் படிவமும் ஆகும். முன்னது, வண்டியைக் கைமாற்றிவிட்டதாக அறிவிப்பது. பின்னது, உரிமையாளர் பெயரை மாற்றும்படி விண்ணப்பிப்பது. வாங்குகிறவரின் பெயர், விலாசம், தேதி இவற்றுக்குரிய இடங்கள் காலியாகவே இருந்தன. நண்பர் கையெழுத்துப் போட்டார். இந்தத் தடவை அம்மையாரும் ஒன்றும் சொல்லவில்லை. பணந்தான் வந்துவிட்டதே!

பூர்த்தி செய்யாத படிவத்தைத் தரகர்கள் ஏன் விரும்புகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். தம் பெயருக்கு ஒரு முறை, பிறகு வாங்குகிறவர் பெயருக்கு ஒரு முறை என்று இரட்டைச் செலவு செய்ய அவர்கள் இஷ்டப்படுவதில்லை. ஆகையால் அடுத்த கிராக்கி அகப்படும் வரையில் வண்டியைப் பழைய சொந்தக்காரர் பெயரிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் செய்கிறவர்கள் எல்லாரும் மோசக்காரர்கள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் லாபம் அவர்களுடையது; ஆபத்து நம்முடையது.

எட்டு மாதம் கழித்து, ஓசூரில் அதிவேகமாகப் போனதற்காக அபராதச் செய்தி ஒன்று நண்பருக்கு வந்தது. அவர் சிரித்துவிட்டுச் சும்மா இருந்தார். இன்னும் மூன்று மாதத்தில் ஒரு போலீஸ்காரர் வாசலில் வந்து நின்றார். கிருஷ்ணகிரிக்கு அருகில் அந்தக் கார் ஓர் இரு சக்கர வாகனத்தின் மீது மோதிவிட்டு நில்லாமல் போய்விட்டது. வாகனத்தில் வந்த வாலிபனுக்குக் கால் முறிந்துவிட்டது. காரின் இன்ஷூரன்ஸ் காலாவதியாகி இருந்தது. நண்பர் தரகரைக் கூப்பிட்டார். அந்த எண் உபயோகத்தில் இல்லை. தம் பெயரில் உள்ள கார் யார் கையில் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரியவில்லை!

உச்ச நீதிமன்றம் சொன்னது

"வண்டியை விற்றாகிவிட்டது, பணமும் வாங்கியாகிவிட்டது. எனக்கு என்ன சம்பந்தம்?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும். 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டம் இதற்குப் பதில் சொல்லுகிறது. யாருடைய பெயரில் வாகனம் பதிவாகியிருக்கிறதோ, அவரே சொந்தக்காரர். 2009-ல் நடந்த ஒரு விபத்தைப் பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரையில் போயிற்று. அந்தக் கார் விபத்துக்கு முன்பே விற்கப்பட்டு, கைக்குக் கை மாறியிருந்தது. பதிவில் மட்டும் முதல் சொந்தக்காரரின் பெயரே இருந்தது. 2018 பிப்ரவரியில் அளித்த தீர்ப்பில், நஷ்ட ஈட்டுக்குப் பதிவுச் சொந்தக்காரரே பொறுப்பாளி என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள், வண்டி யார் யார் கைக்குப் போயிற்று என்று தேடி அலையும்படி விடலாகாது என்பதே அதன் கருத்து.

நண்பர் இந்தத் தீர்ப்பைக் குறை சொல்லவில்லை. "அந்தப் பையனுடைய தாயார் யாரைத் தேடிப் போவாள்? பதிவில் இருப்பது என் பெயர்தானே?" என்றார்.

செய்ய வேண்டியது

விற்பனை என்பது சாவி கைமாறும்போது முடிவதில்லை. பதிவிலிருந்து நம் பெயர் நீங்கும்போதுதான் முடிகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை சுலபம். வாங்குகிறவரின் பெயர், விலாசம், தேதி எல்லாம் எழுதிய பிறகே படிவங்களில் கையெழுத்துப் போடுங்கள். அவருடைய அடையாளச் சீட்டின் நகலை வாங்கிக்கொண்டு, அசலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வண்டியை ஒப்படைத்த தேதியும் மணியும் குறித்து, இரு தரப்பாரும் கையெழுத்திட்ட ரசீது ஒன்று எழுதி வைத்துக்கொள்ளுங்கள். வண்டியின் மீது கடன் இருந்தால் அதைத் தீர்த்து, பதிவிலிருந்து நீக்கிவிடுங்கள். ஃபாஸ்டாக் கணக்கை மூடிவிடுங்கள்.

மாநிலத்துக்குள்ளேயே விற்பதானால், 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கு அறிவிக்க வேண்டியது விற்றவரின் கடமை. வாங்கியவருக்குச் சட்டம் கொடுக்கும் அவகாசம் 30 நாள். அவர் செய்வார் என்று இராமல், கூடவே போய் விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டு வருவது உத்தமம். பிறகு பரிவாகன் இணையதளத்தில் பெயர் மாறிவிட்டதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.

வாங்க வந்தவர் வண்டியைப் பாராமலே விலைக்கு ஒப்புக்கொண்டால், அளவுக்கு மீறி அவசரப்படுத்தினால், பணம் கொடுக்க உங்களுடைய ரகசிய எண்ணைக் கேட்டால், தாம் வராமல் வேறொருவரை அனுப்பினால், காலிப் படிவத்தில் கையெழுத்துக் கேட்டால், அங்கேயே பேச்சை நிறுத்திவிடலாம். நல்ல கிராக்கி ஒருவர் போய்விட்டால் இன்னொருவர் வருவார். ஒருவேளை பணம் பறிபோய்விட்டால், வெட்கப்பட்டுக்கொண்டு வீட்டில் உட்கார வேண்டாம். உடனே 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்லுகிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை வழியில் நிறுத்திவைக்க இடமுண்டு.

நண்பருடைய வழக்கு இன்னும் முடியவில்லை. வாய்தாவுக்கு வாய்தா கிருஷ்ணகிரிக்குப் போய்வருகிறார். இப்போது கார் இல்லாதபடியால் பஸ்ஸில்தான் பிரயாணம். சென்ற வாரம் அவரை வழியனுப்பிவிட்டு வாசலில் நின்ற அம்மையார் என்னிடம் சொன்னார்:

"காரை விற்றுவிட்டோம் என்று தெருவெல்லாம் சொன்னோம். சர்க்காரிடம் சொல்லத்தான் மறந்துவிட்டோம்."