கிணறு வெட்டியவர் துடுப்புப் பிடித்த கதை

மழையை நம்பிக் கண்மாய், கண்மாயை நம்பி வயல், வயலை நம்பி மனிதன்: புதுக்கோட்டை ஜில்லாவின் சரித்திரத்தை இவ்வளவில் சொல்லிவிடலாம். ஜீவநதி என்று சொல்லிக்கொள்ள இங்கே ஒன்றுமில்லை. வெள்ளாற்றில் தண்ணீரைக் காணும் நாட்களைவிட மணலைக் காணும் நாட்களே அதிகம். இப்படிப்பட்ட சீமையில் இருந்துகொண்டு படகுப் பந்தயத்தைப் பற்றி எழுதுவானேன் என்று நேயர்கள் கேட்கக்கூடும். காரணம் இருக்கிறது. ஒலிம்பிக் பந்தயத்தில் நம் தேசத்தின் சார்பாகத் துடுப்பு வலித்த வீரர் ஒருவர் நம்முடையதைப் போன்ற வறண்ட மண்ணிலே பிறந்தவர். பிழைப்புக்காகக் கிணறு வெட்டியவர்.

அவர் பெயர் தத்து பாபன் போகனல். மகாராஷ்டிரத்தில் நாசிக் ஜில்லாவைச் சேர்ந்த தளேகாவ் ரோஹி என்னும் கிராமத்தில் 1991-ஆம் வருஷம் பிறந்தார். தந்தை கிணறு வெட்டும் தொழிலாளி. மகனும் அத்தொழிலில் தந்தைக்குத் தோள் கொடுத்தார். 2011-ல் தந்தை காலமானார். குடும்ப பாரம் தலைமேல் வந்து விழவே, மறு வருஷம் ராணுவத்தில் சேர்ந்தார். பந்தயப் படகில் அவர் ஏறியது அதற்குப் பிறகுதான். நெடிய உருவமும் உரமேறிய தோளும் அங்கிருந்த பயிற்சியாளரின் கண்ணில் பட்டன.

ஒற்றை ஆள் ஓட்டும் பந்தயப் படகு நாம் அறிந்த ஓடம் போன்றதன்று. நீளம் ஏறக்குறைய 8 மீட்டர். எடையோ 14 கிலோதான். சற்றுச் சாய்ந்தால் கவிழ்ந்துவிடும். வீரர் போகும் திசைக்கு முதுகு காட்டி உட்கார்ந்து, இரு கைகளிலும் துடுப்புப் பிடித்து, 2000 மீட்டர் தூரத்தைச் சுமார் 7 நிமிஷத்தில் கடக்க வேண்டும். பார்ப்பவர்களுக்குக் கைவேலையாகத் தோன்றும். உண்மையில் பெரும் பலம் கால்களிலிருந்தே பிறக்கிறது. ஆசனம் சக்கரங்களின் மேல் முன்னும் பின்னும் நகர, கால்கள் உதைத்துத் தள்ளுகின்றன.

அந்த ஏழு நிமிஷத்துக்காக வருஷக் கணக்கில் உழைக்க வேண்டியிருக்கிறது. விடியற்காலையில் தண்ணீரில் பல மைல். பிறகு பளு தூக்குதல். மாலையில் மறுபடியும் துடுப்பு. தண்ணீரில் இறங்க முடியாத நாளில், தரையில் நிறுத்திய துடுப்பு யந்திரத்தில் அதே உழைப்பு. உள்ளங்கை கொப்புளித்து, உடைந்து, காய்த்துப் போகும். இத்தனைக்கும் ஈடுகொடுக்கப் புஷ்டியான ஆகாரம் தினந்தோறும் தவறாமல் கிடைக்க வேண்டும்.

2016 ஏப்ரலில் தென் கொரியாவின் சுங்ஜு நகரில் நடந்த தகுதிப் போட்டியில் போகனல் இரண்டாவதாக வந்து ஒலிம்பிக்கில் இடம் பெற்றார். அந்நாட்களில் அவருடைய தாயார் தலையில் அடிபட்டு நினைவு தவறிப் படுத்திருந்தார். மகன் பெற்ற வெற்றியைத் தாயிடம் சொல்லி மகிழவும் வழியில்லை. அந்தத் துக்கத்தைச் சுமந்துகொண்டே ரியோ நகரம் சென்று, ஒற்றையர் போட்டியில் 13-வது ஸ்தானம் பெற்றார். அவ்வருஷம் ஒலிம்பிக் படகுப் போட்டிக்கு நம் தேசத்திலிருந்து சென்றவர் அவர் ஒருவரே.

2018-ல் நடந்த ஆசிய விளையாட்டில் ஒற்றையர் பந்தயத்தில் தளர்ந்து கடைசியாக வந்தார். மறுநாளே சவர்ண் சிங், ஓம் பிரகாஷ், சுக்மீத் சிங் ஆகியோருடன் நால்வர் படகில் அமர்ந்து தங்கப் பதக்கம் வென்றார்! ஆயினும் முதல்நாள் பந்தயத்தை இடையில் கைவிட்டார் என்று படகுச் சம்மேளனம் 2019-ல் அவருக்கு இரண்டு வருஷத் தடை விதித்தது. தேக அசௌக்கியமே காரணம் என்றார் அவர். 2020 ஜனவரியில் தடை நீங்கியது. அதே வருஷம் அர்ஜுனா விருதும் கிடைத்தது.

இவர் ஒருவர் மட்டுமல்ல. 2010-ல் ஆசிய விளையாட்டின் படகுப் போட்டியில் நம் தேசத்துக்கு முதல் தங்கம் தேடித் தந்த பஜ்ரங் லால் தாக்கர், மணல் பறக்கும் ராஜஸ்தானத்துச் சீகர் ஜில்லாக்காரர். அவரும் ராணுவத்தில் சேர்ந்து படகு பழகியவரே. ஆகவே படகோட்டியை உண்டாக்குவது ஊரில் ஓடும் நதியன்று என்பது தெளிவு. உழைத்துப் பழகிய உடலைத் தேர்ந்தெடுத்து, அதற்குச் சோறும் கருவியும் குருவும் அவகாசமும் கொடுக்கும் ஸ்தாபனமே படகோட்டியை உண்டாக்குகிறது. இவ்விருவர் விஷயத்திலும் அந்த ஸ்தாபனம் ராணுவமாக அமைந்தது. ராணுவத்துக்குப் போகாத பிள்ளைகளின் கதி என்ன? பெண் குழந்தைகளின் கதி என்ன?

கிணறு வெட்டும் தோள் நம் ஜில்லாவிலும் உண்டு. பாறை பிளக்கும் கை உண்டு. ஜெகதாப்பட்டினத்திலும் கோட்டைப்பட்டினத்திலும் கடலோடு மல்லுக்கட்டும் குடும்பங்கள் உண்டு. கருவியைக் கையில் கொடுத்தால் நம்மவர் என்ன செய்வார்கள் என்பதற்குச் சாட்சி வேண்டுமா? 1991-ல் அறிவொளி இயக்கத்தின்போது இந்த ஜில்லாவின் கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் பழகினார்களே, அதைவிட வேறு சாட்சி எதற்கு?

துடுப்பு யந்திரத்துக்கு ஆறும் வேண்டாம், ஏரியும் வேண்டாம். பள்ளிக்கூடத்துக் கொட்டகை ஒன்று போதும். வகுப்பில் கடைசிப் பெஞ்சில் உட்காரும் நெட்டைப் பையனையும், இடுப்பில் ஒன்றும் தலையில் ஒன்றுமாகக் குடம் சுமந்து வரும் பெண்ணையும் அதில் உட்கார்த்திப் பார்க்க ஒரு ஜில்லாவுக்குச் சக்தி இல்லையா? தங்கம் வாங்கிய பிறகு மாலையோடு ஓடுவதற்கு நம்மிடம் ஆள் குறைவில்லை. அதற்குப் பத்து வருஷம் முன்னதாக ஒரு வேளை நல்ல ஆகாரத்தோடு அந்தக் குழந்தையைத் தேடிப் போகிறவர்களே இப்போது தேவை.