கைச் சதையை அளக்கும் ஸ்கேன்: எவ்வளவு நம்பலாம்?

ஓசூர், அத்திப்பள்ளிப் பக்கமிருந்து பொம்மசந்திரா தொழிற்பேட்டைக்கு ஷிப்டுக்கு வரும் தமிழர்கள் ஏராளம். ஸ்க்ரூ முடுக்குவது, வயர் கோப்பது, மெஷினில் துணி தள்ளுவது என்று நாள் முழுக்கக் கைக்குத்தான் வேலை. சட்டைப் பொத்தான் போட வரவில்லை, சாவி திருப்ப வரவில்லை என்று தொடங்கும். ஒருநாள் பார்த்தால் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே புறங்கையில் பள்ளம் விழுந்திருக்கும். "சதை வத்திப்போச்சு" என்று சொல்லிக்கொண்டு தைலம் தேய்த்தபடி மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். அந்தக் காத்திருப்புதான் ஆபத்து.

சதை வற்றினால் பெரும்பாலும் கோளாறு நரம்பில் இருக்கும். மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்பட்டால் கட்டைவிரல் அடிமேடு கரையும். முழங்கையில் என்றால் புறங்கையில் பள்ளம் விழும், சுண்டுவிரல் பக்கமும் கரையும். தேமலில் உணர்ச்சி இல்லாமல் விரல்களும் மடங்கத் தொடங்கினால் தொழுநோயா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்கு அரசு மருத்துவமனையில் மருந்து இலவசம். இன்னொன்று, பதின்வயதின் இறுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உள்ள ஆண்களை அதிகம் பிடிப்பது. வலியே இல்லாமல் பெரும்பாலும் ஒரு கை மட்டும் மெலியும். குளிரில் விரல்கள் இன்னும் சோரும். ஜப்பானில் ஹிராயாமா 1959இல் விவரித்த நோய் இது. ஒற்றைக் கையோ காலோ இப்படி மெலிவதைப் பற்றி 1984இல் சர்வதேச மருத்துவ இதழ் ஒன்றில் எழுதியவர்கள் கௌரி தேவியும் சக மருத்துவர்களும். அவர்கள் பணிபுரிந்த பெங்களூரு நிம்ஹான்ஸ் மருத்துவமனை, பொம்மசந்திரா வழியாகச் செல்லும் ஓசூர் சாலையில்தான் இருக்கிறது. கழுத்தைக் குனிய வைத்து எம்.ஆர்.ஐ. எடுத்தால்தான் இந்த நோய் சரியாகப் பிடிபடும். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்தால் கழுத்துப் பட்டை போட்டு மேலும் மெலியாமல் தடுக்க வாய்ப்புண்டு.

சதை எவ்வளவு வற்றியிருக்கிறது என்று அளக்கத்தான் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன். கதிர்வீச்சு இல்லை, எம்.ஆர்.ஐ.யைவிடச் செலவு குறைவு. பிசியோதெரபியில் வலிக்கு ஜெல் தடவித் தேய்க்கும் கருவிக்கும் அதே பெயர்தான். ஆனால் அது சிகிச்சைக்கானது, எதையும் அளக்காது. படம் எடுக்கும் அல்ட்ராசவுண்ட் கருவி எதுவானாலும், கையை மட்டும் பார்ப்பதாக இருந்தாலும், கருவின் பாலினம் கண்டறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு செய்யப்பட்டிருக்க வேண்டும். பதிவுச் சான்றிதழ் சுவரில் மாட்டாத இடத்தில் ஸ்கேன் எடுக்காதீர்கள்.

இனி, அளவு. கைத் தசைகளின் தடிமன் சில மில்லிமீட்டரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் சுமாருக்குள்தான். தொடைத் தசையில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பெரிதாக ஒன்றுமில்லை. பத்து மில்லிமீட்டர் கைத் தசையில் அது பத்தில் ஒரு பங்கு! பிசகுவதும் எளிது. கருவியைச் சற்று அழுத்தினாலே சதை தட்டையாகிவிடும். சாய்த்துப் பிடித்தால் ஓர் எண், விரலை மடக்கினால் வேறோர் எண், அரை விரற்கடை தள்ளி வைத்தால் இன்னோர் எண். ஒரே ஆள், ஒரே இடத்தில், ஒரே நிலையில் திரும்ப அளந்தால் எண்கள் நன்றாகவே ஒத்துப்போகும். ஆள் மாறினால் அந்த ஒற்றுமை குறையும். ஆகவே ஒரு மருத்துவமனையில் 9.8 மில்லிமீட்டர், ஆறு மாதம் கழித்து வேறிடத்தில் 9.1 என்று வந்தால் நோய் முற்றிவிட்டது என்று கலங்க வேண்டாம். எண் கூடியிருந்தால் குணமாகிவிட்டது என்றும் நம்ப வேண்டாம். தடிமன் அப்படியே இருக்க, உள்ளே கொழுப்பு சேர்ந்து தசை படத்தில் வெளுத்துத் தெரிவதும் உண்டு. நரம்புப் பரிசோதனையும் பிடிபலமும் சேர்ந்து சொல்வதுதான் தீர்ப்பு.

அறிக்கையில் எந்தத் தசை, எந்த இடம், கை எந்த நிலையில், எத்தனை முறை அளந்தார்கள், மறு கையின் அளவு என்ன என்பதெல்லாம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவல்ல. 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுங்குமுறைப்படி, நோயாளி கேட்டால் மருத்துவப் பதிவுகளை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். படங்களையும் வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த முறை அவற்றைக் காட்டி அதே இடத்திலேயே அளக்கச் சொல்லலாம்.

அடுத்து, விடுப்பும் இழப்பீடும். மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குகிறவருக்கு, கான்ட்ராக்ட் தொழிலாளியானாலும், இ.எஸ்.ஐ. உரிமை உண்டு. சாதாரண நோய் விடுப்புக்குச் சம்பளத்தில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை. வேலையால் வந்த முடக்கம் என்று ஏற்கப்பட்டால் 90 சதவீதம். நிரந்தரப் பாதிப்பை மருத்துவக் குழு மதிப்பிடும். முடிவு தவறென்று பட்டால் மேல்முறையீடு செய்யலாம். "ஸ்கேன்ல நார்மல்தானே" என்று சூப்பர்வைசர் சொல்வதை முடிவாக ஏற்க வேண்டியதில்லை.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழ் ஊனச் சான்றிதழுக்குப் போனாலும் அதேதான். அங்கே கையைப் பிடிதிறன், உணர்ச்சி, பலம் ஆகிய மூன்றையும் பார்த்துத்தான் மதிப்பிடுகிறார்கள். மில்லிமீட்டருக்கு அதில் இடமே இல்லை. அதனால் முதல் முறை இ.எஸ்.ஐ. மருத்துவரிடம் போகும்போதே பிடிபலத்தை அளந்து சீட்டில் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள்.