பத்தாயிரம் டன்னுக்குள் அடங்காத நான்கு கப்பல்கள்

பினாங்கிலிருந்து தென்மேற்கே ஏறக்குறைய 55 மைல் தொலைவில், மலாக்கா நீரிணையில், 1945 மே 16 அதிகாலையில் ஹகுரோ என்ற ஜப்பானியப் போர்க்கப்பல் மூழ்கியது. அதில் இருந்தவர்களில் 900 பேர் வரை மாண்டனர். மியோகோ, நாச்சி, அஷிகாரா, ஹகுரோ என ஒரே வரைபடத்தில் கட்டப்பட்ட நான்கு கனரக குரூசர்களில் அதுவும் ஒன்று. நான்குமே ஜப்பானிய மலைகளின் பெயரைத் தாங்கியவை. அவற்றில் மூன்றின் கதை நம் வட்டாரக் கடலில்தான் முடிந்தது.

குரூசர் என்பது பெரிய போர்க்கப்பலுக்கும் சிறிய நாசகாரிக் கப்பலுக்கும் இடைப்பட்டது. 1922இல் வாஷிங்டனில் கையெழுத்தான உடன்பாடு அதற்கு ஓர் உச்சவரம்பு விதித்தது. எடை 10,000 டன்னைத் தாண்டக்கூடாது, பீரங்கிக் குழாயின் விட்டம் 203 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. பீரங்கி, கவசம், வேகம் மூன்றும் ஒரே எடைக் கணக்கில் பங்கு கேட்பவை. ஒன்றைக் கூட்டினால் இன்னொன்றைக் குறைத்தே ஆகவேண்டும். ஆனால் ஜப்பானியக் கடற்படை மூன்றையுமே கூடுதலாகக் கேட்டது: பத்து பீரங்கிகள், 102 மில்லிமீட்டர் கவசம், மணிக்கு 65 கிலோமீட்டர் வேகம்.

வடிவமைப்பாளர் யுசுரு ஹிராகா இதற்குக் கண்ட வழி இன்றைக்கும் பாராட்டத்தக்கது. பொதுவாகக் கப்பலின் உடலை முதலில் கட்டி, கவசத் தகடுகளை அதன்மேல் போர்த்துவார்கள். அப்போது கவசம் வெறும் சுமை. ஹிராகா அந்தத் தகடுகளையே உடலின் பக்கச்சுவராக்கினார். பெரிய அலையின்மேல் ஏறும் கப்பலுக்கு நடுப்பகுதியில்தான் தாங்கல் கிடைக்கும், இரு முனைகளும் தொங்கும். அலை நகர்ந்ததும் முனைகள் தாங்கப்பட, நடுப்பகுதி தொய்யும். இரு புத்தகங்களின்மேல் வைத்த அடிக்கோலை நடுவில் அழுத்தினால் வளைவது போலத்தான். இந்த வளைவைத் தாங்கும் வேலையையும் கவசத்திடமே கொடுத்ததால் தனிச் சட்டங்களுக்கான எஃகு மிச்சமானது. 1923இல் முடிந்த யுபாரி என்ற சிறிய கப்பலில் இந்த முறையை அவர் முன்பே சோதித்திருந்தார்.

டார்பிடோக்கள் வேண்டாம் என்பது அவருடைய இன்னொரு முடிவு. உடலுக்குள், ஆட்கள் தங்கும் இடத்தருகே வெடிபொருள் இருப்பது ஆபத்து என்றார். அவர் ஐரோப்பாவுக்குப் பயணம் போயிருந்த சமயத்தில் 12 டார்பிடோக் குழாய்கள் திட்டத்தில் ஏறிவிட்டன. கட்டுமானத்தின்போது இன்னும் பல சிறு சுமைகளும் சேர்ந்தன. 1928, 1929இல் கப்பல்கள் முடிந்தபோது எடை வரம்பைவிட ஏறக்குறைய 1,000 டன் கூடுதல்.

ஆயிரம் டன் என்ன செய்துவிடும்? ஐந்தாம் படிவ மாணவர்கள் படிக்கும் ஆர்க்கிமிடிஸ் தத்துவமே போதும். மிதக்கும் பொருள் தன் எடைக்குச் சமமான நீரை விலக்க வேண்டும். இந்தக் கப்பல் நீர்மட்டத்தில் அடைக்கும் பரப்பு, நீள அகலத்தை வைத்து நான் போட்ட தோராயக் கணக்கில், 2,400 சதுர மீட்டர். 1,000 டன் கடல்நீரின் கன அளவை இதனால் வகுத்தால் சுமார் 40 சென்டிமீட்டர் வரும். கப்பல் அவ்வளவு கூடுதலாக அமிழும், கவசத்தில் அந்த அளவு பயனின்றி நீருக்குள் போகும். பின்னர் பக்கங்களில் புடைப்பு அறைகளைப் பொருத்தி மிதப்பையும் நிலைப்பையும் மீட்டார்கள். போர் தொடங்கும்போது எடை 13,000 டன் அளவுக்குப் போயிருந்தது.

ஹிராகா வேண்டாமென்ற டார்பிடோதான் போரில் இவற்றின் முதன்மை ஆயுதமானது. 1942 பிப்ரவரி 27, ஜாவா கடல் சண்டை. நாச்சியும் ஹகுரோவும் பகலில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டுகளைச் சுட்டும் இலக்கைத் தொட்டவை விரல்விட்டு எண்ணக்கூடியவைதான். இரவில் 12 டார்பிடோக்களை ஏவின. டச்சுக் குரூசர்களான டி ராய்ட்டரும் ஜாவாவும் மூழ்கின.

அந்த டார்பிடோவின் ரகசியம் தூய ஆக்சிஜன். சாதாரண டார்பிடோ அழுத்தப்பட்ட காற்றில் எரிபொருளை எரிக்கும். காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன். எரிப்புக்கு உதவாத அந்த வாயு குமிழ்களாக வெளியேறி, நீரில் வெள்ளைக் கோடு போட்டு எதிரியை எச்சரிக்கும். ஆக்சிஜனில் எரித்தால் வெளிவருவது கார்பன் டைஆக்சைடும் நீராவியும். முன்னது கடல்நீரில் எளிதில் கரையும், பின்னது குளிர்ந்து நீராகிவிடும். தடம் அனேகமாகத் தெரியாது. அதே கலத்தில் அதிக எரிபொருளை எரிக்கலாம் என்பதால் 490 கிலோ வெடிமருந்துடன் 20 கிலோமீட்டர் வரை மணிக்கு 90 கிலோமீட்டரில் பாயும். விலையும் இருந்தது. மிட்வேயில் மிகுமாவும் 1944இல் சுசுயாவும் (இவை வேறு வகைக் குரூசர்கள்) குண்டுவீச்சில் தங்கள் டார்பிடோக்களே வெடித்துச் சிதைந்தன. ஹிராகா பயந்தது வீணல்ல.

ஹகுரோவின் கடைசி இரவில் வென்றது ராடார். அந்தமானிலிருந்த படையினருக்குச் சரக்கு ஏற்றிச்சென்ற அதை, பிரிட்டிஷ் நாசகாரி வீனஸ் 34 கடல்மைல் தொலைவில் கண்டது. அந்தக் கருவிக்கு இது நம்பமுடியாத தூரம். சூடான கடலின்மேல் ஈரக்காற்று அடுக்கு படியும்போது ரேடியோ அலைகள் கீழ்நோக்கி வளைந்து, பூமியின் வளைவோடு சேர்ந்தே ஓடும். தொடுவானத்துக்கு அப்பாலுள்ள கப்பலும் தென்படும். ஐந்து நாசகாரிகள் பல திசைகளிலிருந்தும் நெருங்கி, பழைய காற்று டார்பிடோக்களாலேயே அதை வீழ்த்தின. எஞ்சிய சுமார் 320 பேரைக் கமிகாசே என்ற நாசகாரி மீட்டது.

நாச்சியை 1944 நவம்பரில் மணிலா விரிகுடாவில் அமெரிக்க விமானங்கள் மூழ்கடித்தன. அஷிகாரா 1945 ஜூன் 8 அன்று பங்கா நீரிணையில், பத்தாவியாவிலிருந்து சிங்கப்பூருக்குத் துருப்புகளை ஏற்றிவந்தபோது, டிரென்சன்ட் நீர்மூழ்கியின் ஐந்து டார்பிடோக்கள் பட்டு மூழ்கியது. பின்பகுதி சிதைந்த மியோகோ சிங்கப்பூரில் நகரமுடியாமல் கிடந்தது. பிரிட்டிஷார் அதை 1946 ஜூலை 8 அன்று போர்ட் சுவெட்டன்ஹாமுக்கு, அதாவது இன்றைய கிள்ளான் துறைமுகத்துக்கு, அப்பால் கொண்டுபோய் மூழ்கடித்தார்கள்.

கடலடியில் கிடக்கும் எஃகுக்கும் செம்புக்கும் இன்று சந்தையில் விலை உண்டு. ஜாவா கடல் சண்டையின் 75ஆம் ஆண்டு நினைவையொட்டி 2016இல் முக்குளிப்பாளர்கள், 800க்கும் மேற்பட்ட மாலுமிகளோடு மூழ்கிய டி ராய்ட்டரையும் ஜாவாவையும் தேடிப் போனார்கள். இரண்டும் அங்கே இல்லை. யாரோ அறுத்து எடுத்துவிட்டிருந்தார்கள். கப்பல்கள் கிடந்த இடத்தில் அவற்றின் அச்சுப் பள்ளம் மட்டும் சோனார் கருவியில் தெரிந்தது.